அயலூரில் தொழில் தொடங்க முதல் தேடுவோர்க்கு

பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ் மக்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழக் கேட்கிறோம். "சம்பளத்துக்கு உழைத்தது போதும், சொந்தமாக ஒரு தொழில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். கையில் முதல் இல்லை. எங்கே கிடைக்கும்?" என்பதே அது. கேட்பவருடைய கைத்திறனிலோ ஊக்கத்திலோ குறை இராது. ஆயினும் அதற்கு விடை கூறப் புகுமுன், வேறொரு கேள்வியை நாம் திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. "இந்த ஊரில் உங்களை யார் அறிவார்?"

சொந்த ஊரில் முதல் என்பது முகத்தைப் பார்த்து வருவது. மண்டிக்காரர் அரிசி மூட்டையைக் கடனாக இறக்குவார். மாமியார் வளையலைக் கழற்றிக் கொடுப்பார். பாட்டனார் காலத்துப் பழக்கத்தை எண்ணி ஒருவர் வாடகை முன்பணத்தை விட்டுக்கொடுப்பார். நம் முன்னோர் வணிகம் வளர்ந்தது பெரும்பாலும் இவ்வழியில்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய கொடுக்கல் வாங்கலுக்கு உற்றார் உறவினரிடையே நிலவிய நம்பிக்கையே அடித்தளம். நாடார் வணிகர்கள் மகமை என்ற பெயரால் சிறுகச் சிறுகச் சேர்த்த பொதுப்பணம் பள்ளிகளும் பிற அறங்களும் ஆயிற்று. அச்சமூகத்தார் 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கியே 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிற்று.

அயல் மாநிலத்தில் அந்த முகம் செல்லாது. முகம் நின்ற இடத்தில் அங்கே காகிதம் நிற்கிறது. குடியிருப்புச் சான்று, வங்கிக் கணக்கின் வரவு செலவு, முன்னர் வாங்கிய கடனைத் திருப்பிய விவரம் ஆகியவையே நம்மை அறிந்தவர்கள். அரசும் வங்கிகளும் சிறு தொழிலுக்கென ஒதுக்கும் பணம் இன்று குறைவன்று. ஆனால் அப்பணம் காகிதம் உள்ளவரைத் தேடிச் செல்கிறது. காகிதம் இல்லாதவர் தண்டல்காரரைத் தேடிச் செல்கிறார்.

தண்டல் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது. பலர் அதனைப் போட்டுப் பார்த்ததே இல்லை. 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் கட்டி முடிக்கவேண்டும். "நூறு நாளுக்கு ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதலும் நாள்தோறும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நூறு நாளும் சராசரியாக நம்மிடம் நிற்பது ஏறத்தாழ 4,250 ரூபாய்தான். அத்தொகைக்கு 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டு வட்டி நூற்றுக்கு 129 அளவில் ஆகிறது. நூற்றுக்கு 12 வட்டிக்கு அதே பணத்தை வங்கியில் வாங்கினால் நூறு நாளைக்கு 140 ரூபாய் அளவில் முடிந்துபோகும். இந்த வேறுபாடே அயலூரில் ஒரு சிறு தொழில் நிற்பதையும் விழுவதையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது. தண்டல்காரரைப் பழித்துப் பயனில்லை. ஒரு தாளும் கேளாமல் விடியற்காலையில் பணம் தருபவர் அவர் ஒருவரே. அவரிடம் போகவேண்டாத நிலையை முன்னதாகவே அமைத்துக்கொள்வதுதான் நம் வேலை.

அதற்கு முதற்படி, கடன் கேட்குமுன் சிறிதளவேனும் விற்றுப் பார்ப்பது. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து 1990இல் மும்பைக்குச் சென்ற பிரேம் கணபதி, 1992இல் வாஷி ரயில் நிலையத்தருகே தள்ளுவண்டியில் இட்டலியும் தோசையும் விற்கத் தொடங்கினார். பின்னர் 'தோசா பிளாசா' என்னும் பெயரில் கிளைகள் பல எழுந்தன. வண்டியில் விற்ற ஆண்டுகளில் அவர் கற்றது, எந்தப் பண்டத்தை யார் எந்த விலைக்கு வாங்குவர் என்பதை. எந்த வங்கி மேலாளரும் அறிய விரும்புவது அதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். தில்லியில் முனிர்க்காவிலோ மயூர் விகாரிலோ குடியிருக்கும் ஒருவர் இட்டலி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட எண்ணுகிறார். பெரிய அரவை இயந்திரமும் குளிர்பெட்டியும் சேர்ந்து 60,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 60,000 ரூபாய் கடன் கேட்பார். பிழை இங்கேதான் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 60 கிலோ மாவு. அரிசி, உளுந்து, மின்சாரம், பை, வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாய். கடைக்காரருக்குக் கிலோ 50 ரூபாய் என்றால் வரவு 3,000 ரூபாய். காகிதத்தில் ஆதாயம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடைக்காரர் பதினைந்து நாள் கழித்தே பணம் தருவார். அதுவரை நாள்தோறும் 1,800 வீதம் 27,000 ரூபாய் நம் கையிலிருந்து போகவேண்டும். வீட்டுச் செலவு நிற்காது. உதவிக்கு வைத்த பையனுக்குக் கூலி கொடுக்கவேண்டும். பத்தாம் நாளில் இயந்திரம் புத்தம் புதிதாய் இருக்கும். அரிசி வாங்கப் பணம் இராது. தண்டல்காரர் வீட்டு வாசலுக்கு வருவது அன்றைக்குத்தான்.

ஆகவே அவருக்கு வேண்டியது 60,000 அன்று. ஓர் இலட்சத்துக்குக் குறையாத தொகை. அதிலும் இரு பகுதி உண்டு. இயந்திரத்துக்கு வாங்கும் கடனை மூன்று நான்கு ஆண்டுகளில் தவணையாகத் திருப்பலாம். சரக்கு வாங்க வேண்டிய நடைமுறை முதலோ, எடுத்தும் போட்டும் புழங்கும் தனிக் கணக்காக இருப்பது நல்லது. இவ்விரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவரை வங்கி மதிக்கும். தில்லிக்கே உரிய இன்னொரு செய்தி: தை மாதக் குளிரில் மாவு எளிதில் புளித்து எழாது. வெந்நீரும் கதகதப்பான அறையும் வேண்டும். செலவு கூடும், விற்பனையும் மாறும். முதல் தவணை சனவரியில் விழும்படி கடன் வாங்குவதைத் தவிர்ப்பது அறிவுடைமை.

இனிக் காகிதங்களைப் பார்ப்போம். முதலாவது, தொழில் நடக்கும் ஊரில் முகவரி. ஆதாரில் திருநெல்வேலி முகவரியும் கையில் தில்லி வாடகை வீடும் இருக்குமாயின், வாடகை உடன்படிக்கையை எழுத்தில் வாங்கி, முகவரியை மாற்றிக்கொள்வது பல தடைகளை நீக்கும். இரண்டாவது, உத்யம் பதிவு. 2020 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த இப்பதிவு சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குரிய அடையாளம். ஆதார் எண்ணையும் வருமான வரிக் கணக்கு எண்ணையும் கொண்டு அரசின் இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் ஏதுமில்லை. இதற்கென ஆயிரமும் இரண்டாயிரமும் வாங்குவோர் உளர். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண். உணவுப் பண்டமாயின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் வேண்டும்.

மூன்றாவது, நாளடைவில் மற்றவற்றைவிட மதிப்புப் பெறுவது, வங்கிக் கணக்கில் தெரியும் விற்பனை. கைபேசி வழியே பணம் செலுத்தும் முறை பரவியபின் இது எளிதாயிற்று. கடைக்காரர் தரும் பணம் கணக்கில் விழுந்தால், ஆறு மாதத்தில் ஒரு வரலாறு தானே எழுதப்பட்டுவிடும். ரொக்கமாக வாங்கி ரொக்கமாகச் செலவிட்டவர் எவ்வளவு விற்றிருந்தாலும் வங்கியின் கண்ணுக்கு ஒன்றும் விற்காதவரே.

இத்தனையும் சேர்ந்தபின் வங்கிக்குச் செல்லலாம். ஊரிலுள்ள பழைய கிளையை நம்பியிராமல், தொழில் நடக்கும் இடத்துக்கு அண்மையில், நம் கணக்கு இருக்கும் கிளையையே அணுகவேண்டும். 2015 ஏப்பிரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ஈடு இல்லாமல் கடன் கிடைக்கும். 50,000 ரூபாய் வரை சிசு என்றும், அதற்கு மேல் 5 இலட்சம் வரை கிஷோர் என்றும், 10 இலட்சம் வரை தருண் என்றும் வகுத்திருக்கிறார்கள். தருண் கடனை ஒழுங்காகத் திருப்பியவர்களுக்கு 20 இலட்சம் வரை தருண் பிளஸ் என்னும் புதிய படியை 2024 அக்டோபரில் சேர்த்தனர். இந்தப் படிகளின் பெயர்களே குழந்தை, சிறுவன், இளைஞன் என்று பொருள்படுவதைக் காண்க. கீழ்ப்படியில் வாங்கிய சிறு கடனைத் தவணை தவறாமல் கட்டுவதே மேற்படிக்கு வழி. நம் மாவு வணிகர் 50,000 ரூபாய் எளிதில் கிடைக்கும் என்று சிசுவோடு நின்றால் முன்னே கண்ட பள்ளத்தில் விழுவார். கணக்கைக் காட்டிக் கிஷோர் வகையில் கேட்பதே முறை.

முத்ராவைப் பற்றி இரு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, அதில் மானியம் உண்டு என்பது. இல்லை; அது வட்டியோடு திருப்பவேண்டிய கடன். மற்றொன்று, தரகர் வழியே சென்றால் விரைவில் கிடைக்கும் என்பது. முத்ராவுக்குத் தரகர் எவரும் இலர். கடன் தருவது வங்கியும் நிதி நிறுவனங்களுமே. முன்பணம் கேட்டு வருபவர் ஏமாற்ற வருபவர் என்று கொள்க. ஈடு கேட்கும் கிளைகள் இன்னும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். சிறு தொழில்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு ஈடு வாங்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருக்கிறது என்பதைப் பணிவோடு நினைவூட்டலாம்.

மொழி தெரியாமை இங்கே பெரிய இடர். படிவத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் கையெழுத்திடவேண்டாம். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, காப்பீடு என்று எதையேனும் உடன் சேர்த்திருக்கிறார்களா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைத் தரவேண்டியது வங்கியின் கடமை. சேவையில் குறை இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த முறையில், எந்த மொழியில் எழுதிய முறையீட்டையும் பெற்றுக்கொள்ளச் சண்டீகரில் ஒரு மையத்தை அமைத்தனர். தில்லியில் இருந்துகொண்டு தமிழிலேயே எழுதலாம் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. கடன் தரமுடியாது என்ற வங்கியின் முடிவை அவர்கள் மாற்றமாட்டார்கள். காரணம் சொல்லாமல் அலைக்கழிப்பதைத் தட்டிக் கேட்பார்கள்.

மானியம் நாடுவோர்க்குரியது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் பொறுப்பில் 2008இல் தொடங்கிய இதன் உச்சவரம்பை, 2022இல் உற்பத்தித் தொழிலுக்கு 50 இலட்சம் என்றும் சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம் என்றும் உயர்த்தினர். நகர்ப்புறத்தில் பொதுப்பிரிவினர்க்கு நூற்றுக்கு 15, கிராமத்தில் 25. பெண்கள் முதலிய சிறப்புப் பிரிவினர்க்கு முறையே 25, 35 என்று மானியம் வகுத்தனர். புதிய தொழிலுக்கு மட்டுமே இது பொருந்தும். ஒரு குடும்பத்தில் ஒருவர்க்கே கிடைக்கும். பலர் அறியாதது, மானியம் கைக்கு வராது என்பது. வங்கியில் நம் பெயரால் மூன்றாண்டு வைப்பாக நின்று, தொழில் நடப்பதைக் கண்டபின்னரே கடனில் கழிக்கப்பெறும். மானியத்தை எண்ணி வீட்டுக் கடனை அடைக்கத் திட்டமிட்டவர் ஏமாந்துபோவார். இத்திட்டத்துக்கு 2025-26 நிதியாண்டு வரையில் ஒப்புதல் தந்திருந்தமையால், அதன் நடப்பு நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டபின் விண்ணப்பம் எழுதுக.

சாதிச் சான்றைப் பற்றியும் முன்னரே கேட்கவேண்டும். பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. தமிழ்நாட்டில் வாங்கிய சான்று வேறொரு மாநிலத்தில் அதே உரிமையைத் தானாகத் தந்துவிடாது. பெண் என்னும் தகுதிக்கு அவ்வாறு எல்லை இல்லை. மாவை அரைப்பவரும் பக்குவம் அறிந்தவரும் மனைவியாகவே இருக்கும் வீடுகளில், தொழிலை அவர் பெயரால் பதிவதே உண்மைக்கும் பொருத்தம், பயனும் மிகுதி. பெயரை மட்டும் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வேறு. கடன் கெட்டால் சுமை அந்த அம்மையாரின் தலையில் விழும்.

தெருவோரம் விற்போர்க்கு 2020 சூனில் வந்த ஸ்வநிதித் திட்டம் உண்டு. 2025 ஆகஸ்டில் திருத்தியபடி, முதற் கடன் 15,000, அதைத் திருப்பியபின் 25,000, பின்னர் 50,000 என்று ஏறும். 2030 மார்ச்சு வரை நீட்டித்துள்ளனர். நகராட்சி தரும் விற்பனையாளர் சான்றோ பரிந்துரைக் கடிதமோ இதற்கு வேண்டும்.

சீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் ஒப்பமாட்டார்கள். அயலூரில் நம்மவர் முதல் சேர்ப்பது பெரும்பாலும் சீட்டினாலேதான். அது தீயதும் அன்று. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி அரசின் முன் அனுமதியும் பதிவும் பெற்று நடத்தும் சீட்டில், நடத்துபவர் பிணைத்தொகை கட்டியிருக்கிறார். அவர் கழிவு நூற்றுக்கு 5 என்றிருந்ததை 2019இல் 7 ஆக உயர்த்தினர். பதிவில்லாச் சீட்டை ஊர்க்காரர் என்பதற்காக நம்பிச் சேர்ந்தவர், அவர் ஒருநாள் ஊரைவிட்டே போய்விட்டால் யாரிடம் போய்ச் சொல்வார்? பதிவெண்ணைக் கேட்பதால் உறவு கெடாது. கெடுமானால் அந்த உறவை அப்பொழுதே அறிந்துகொண்டது நன்று.

பெங்களூரிலும் ஐதராபாதிலும் புனேயிலும் உள்ள பொறியியல் கற்ற இளைஞர்கள் 'ஸ்டார்ட்டப்' என்று கூறும் புத்தொழிலின் முறை வேறு. அங்கே முதல் பெரும்பாலும் பங்காக வருகிறது. ஒருவர் 10 இலட்சம் தந்து நூற்றுக்கு 20 பங்கு கேட்டால், நிறுவனம் முழுவதும் 50 இலட்சம் பெறும் என்று விலை பேசுகிறார் என்பது பொருள். வட்டி இல்லையே என்று மகிழலாகாது. என்றென்றைக்கும் ஐந்தில் ஒன்று போயிற்று. 2016 சனவரியில் தொடங்கிய 'ஸ்டார்ட்டப் இந்தியா' முயற்சியின் கீழ், 2021இல் 945 கோடி ரூபாயில் விதை நிதித் திட்டம் ஒன்றை வகுத்தனர். தொழில் வளர்ப்பகங்கள் வழியே, எண்ணத்தைச் செய்து காட்ட 20 இலட்சம் வரை நன்கொடையாகவே தர அது இடமளித்தது. மாநில அரசுகளின் நிதியோ, நிறுவனம் அம்மாநிலத்தில் பதிவாகியிருக்கவேண்டும் என்று கேட்பது வழக்கம். ஆதலின் எங்கே பதிவு செய்வது என்பதை வீட்டு முகவரியைக் கொண்டு முடிவு செய்யாமல், எந்த மாநில நிதியை நாடப்போகிறோம் என்று பார்த்து முடிவு செய்க.

திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிவ் நாடார் தில்லியில் வேலை பார்த்தவர். வேலையை விட்டபின் நண்பர்களோடு மைக்ரோகாம்ப் என்னும் சிறு நிறுவனத்தை அமைத்துக் கணிப்பான்களை விற்றார். கணிப்பொறி செய்யும் எண்ணத்துக்கு அவ்விற்பனையே முதல் தந்தது. 1976இல் எச்.சி.எல். தோன்றியபோது உத்தரப் பிரதேச அரசின் நிறுவனம் நூற்றுக்கு 26 பங்கேற்றது. தள்ளுவண்டிக்கும் கணிப்பொறிக்கும் எவ்வளவோ தொலைவு. ஆனால் முதலில் விற்பனை, பின்னர் பிறர் பணம் என்ற வரிசை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

தொழில் தொடங்கியபின் வரவேண்டிய பணம் வராமல் நிற்பதே பெருந்தொல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும், எழுத்தில் உடன்படிக்கை இருப்பினும் 45 நாளுக்குள் பணம் தந்தாகவேண்டும். உடன்படிக்கை இல்லையேல் 15 நாள். தவறினால் வங்கி வீதத்தின் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு. வாங்கி விற்கும் வணிகருக்கு இப்பாதுகாப்பு இல்லை; மாவு அரைப்பவருக்கு உண்டு. உணவு விடுதி ஒன்று மூன்று மாதம் இழுத்தடித்தால், 'சமாதான்' என்னும் அரசுத் தளத்தில் முறையிட்டு மாநிலக் குழுவின்முன் வழக்காடலாம். வாடிக்கையை இழக்க அஞ்சிப் பலர் இதைச் செய்வதில்லை. பட்டியலின் அடியில் சட்டத்தின் பெயரையும் பதிவெண்ணையும் அச்சிட்டு அனுப்பினால் பாதித் தொல்லை சொல்லாமலே தீரும்.

கடைசியாக ஒன்று. வங்கி கடன் தருமுன் நம் கடன் வரலாற்று அறிக்கையை வரவழைத்துப் பார்க்கும். அதை நாமும் ஆண்டுக்கொருமுறை இலவசமாகப் பெறலாம். நண்பர் ஒருவருக்குப் பிணைக் கையெழுத்திட்டிருந்தால், அவர் கட்டாத தவணை அங்கே நம் பெயரின்கீழ் நிற்கும். ஊரில் எப்பொழுதோ வாங்கிய பயிர்க் கடனோ நகைக் கடனோ சில நூறு ரூபாய் பாக்கியோடு முடிக்கப்படாமல் கிடந்து, பதினைந்து ஆண்டு கழித்துத் தில்லியில் விண்ணப்பத்தைத் தடுப்பதும் உண்டு. அறிக்கையை இப்பொழுதே வாங்கிப் பாருங்கள். அப்படி ஏதேனும் இருந்தால், பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும்போது அந்தக் கிளைக்கும் ஒருநடை சென்று, பாக்கியைக் கட்டி, நிலுவை இல்லை என்னும் சான்றினைக் கையோடு வாங்கி வாருங்கள்.